அத்தியாயம் 5: போன் விடை சொல்லும் காலத்தில் கேள்வி கேட்பது

ஒன்பதாம் வகுப்புக்கு நீர் மாசுபாடு பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருப்பீர்கள். மறுநாள் மேசையில் குவியும் நோட்டுகளில் கங்கை இருக்கும், யமுனை இருக்கும், தொழிற்சாலைக் கழிவும் நுண்பிளாஸ்டிக்கும் இருக்கும். வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி மட்டும் எந்த நோட்டிலும் இருக்காது. போன வாரம் வரை இஸ், ஆர் எங்கே வரும் என்று தடுமாறிய பிள்ளை பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பான். கையெழுத்து அவனுடையதுதான், வாசகம் அவனுடையதல்ல.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தபோது, அது நகரத்துப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைத்தோம். 2024 ஜூனில் மெட்டா நிறுவனம் தன் ஏஐயை இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. அதன் பிறகு தனியாக எதையும் இறக்கவோ கணக்குத் தொடங்கவோ தேவையில்லாமல் போயிற்று. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வரை வீட்டில் போன் இருக்காது. அவர் வந்து குளித்துச் சாப்பிடும் நேரத்துக்குள் அந்த நீல வளையத்தைத் தொட்டால் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை காலையில் பஸ் நிறுத்தத்தில் அடுத்தவனைப் பார்த்து எழுதிக்கொள்வாள். அதனால் "போனைத் தொடாதே" என்ற உத்தரவு நடக்கிற காரியமில்லை. "எவன் எவன் போனைப் பார்த்து எழுதினான்?" என்று வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதும் பயன் தராது. மாற்ற வேண்டியது நாம் கேட்கும் கேள்வியை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். சிபிஎஸ்இ 2019-20 முதல் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை ஒரு திறன் பாடமாக வைத்திருக்கிறது. அதன் பாடக் குறியீடு 417. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏஐயையும் கணினிவழிச் சிந்தனையையும் 2026-27 கல்வியாண்டு முதல் கொண்டுவரப் போவதாக மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்திருக்கிறது. அவை ஏஐ பற்றிய பாடங்கள். உங்கள் பள்ளியில் 417 இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த அத்தியாயம் எழுதப்பட்டது ஏஐயைக் கற்பிப்பவருக்காக அல்ல, தமிழும் அறிவியலும் கணக்கும் சமூக அறிவியலும் நடத்துபவருக்காக.

நம் பள்ளிகளின் நிலை

புதுச்சேரிக்கென்று தனித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023-24இல் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் சிபிஎஸ்இக்கு மாறின. 2025இல் நம் பிள்ளைகள் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். பாடத்திட்டம் மாறியதும் ஏஐ கைக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்துவிட்டன. தமிழ் வழியில் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டியிருந்த அந்த நேரத்தில்தான் ஆங்கிலத்தில் எழுதித் தரும் கருவியும் வந்து சேர்ந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி, மொழி புரியாத பயம்.

இன்னொரு பக்கம், சிபிஎஸ்இ வினாத்தாளே மாறிக்கொண்டிருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பாதி மதிப்பெண், படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்திப் பார்க்கும் திறன்சார் கேள்விகளுக்குப் போகிறது. ஒரு பத்தியைக் கொடுத்து, ஓர் அட்டவணையைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள். வீட்டில் போனைப் பார்த்து எழுதிய பிள்ளை தேர்வுக்கூடத்தில் இந்த இடத்தில்தான் திணறுவாள். அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணிலும் போர்ட்ஃபோலியோவுக்கு 5, பாடச் செறிவூட்டலுக்கு 5, பலவகை மதிப்பீட்டுக்கு 5, பருவத் தேர்வுக்கு 5 என்று பிரித்திருக்கிறார்கள். இவற்றில் போன் நுழைய முடியாதது கடைசியில் சொன்ன பருவத் தேர்வு மட்டுமே. மீதி 15 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. சீர்திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பாதீர்கள்

"இது ஏஐ எழுதியதா?" என்று சொல்லும் இலவசத் தளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் பக்கமே போகாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தம் கையால் எழுதிய கட்டுரைகளை இத்தகைய கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று கருவிகள் முத்திரை குத்தின. குறைந்த சொற்களில் எளிய வாக்கியங்களாக எழுதும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். சொந்தமாக எழுதிய ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டால் அவள் மறுபடி சொந்தமாக எழுத மாட்டாள்.

சந்தேகம் வந்தால் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேசுங்கள். "இந்த மூணாவது வரியில எழுதியிருக்கியே, யூட்ரோபிகேஷன், அது நம்ம ஏரியில நடந்தா கண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பாசி படர்ந்து பச்சையாக இருக்கும், மீன் செத்து மிதக்கும் என்று சொன்னால் அவள் எங்கிருந்து எழுதியிருந்தாலும் கற்றுக்கொண்டுவிட்டாள், மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம். விழித்தால், அந்த ஒரு சொல்லை அங்கேயே விளக்கிவிட்டு நாளைக்கு மறுபடி கேட்பேன் என்று அனுப்புங்கள். நாற்பது பேரையும் ஒரே நாளில் கேட்க முடியாது. வருகைப் பதிவு எடுக்கும்போதே ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். யார் முறை என்பது முன்கூட்டித் தெரியக் கூடாது.

ஊருக்குள் போய் விடை தேட வைக்கும் கேள்விகள்

உலகம் முழுக்க ஆயிரம் முறை கேட்கப்பட்ட கேள்விக்கு ஏஐ நன்றாக விடை சொல்லும். ஒரு வாய்க்காலைப் பற்றி, ஒரு பால் சொசைட்டி பாஸ்புக்கைப் பற்றி, மூன்றாவது வீட்டுப் பாட்டி சொன்னதைப் பற்றிக் கேட்டால் அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது வாய்மூடி இருப்பதும் இல்லை. எதையாவது கோத்துச் சொல்லும். நம் கேள்விகளை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் முடியாது என்பார்கள். பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் தொகுக்கப்பட்ட விவரங்களுக்குச் சராசரி காணும் பகுதி இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் அட்டவணையைக் கொடுத்தால் போன் அரை நிமிடத்தில் போட்டுவிடும். அதற்குப் பதிலாக, வீட்டில் மாடு இருக்கும் பிள்ளைகளிடம் பால் சொசைட்டி பாஸ்புக்கில் உள்ள ஒரு மாத லிட்டர் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரின் எண்களும் வேறு. சராசரியைப் போனிலேயே சரிபார்த்துக்கொள்ளட்டும், தடையில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: வகுப்பு இடைவெளியை ஏன் இரண்டு லிட்டராக வைத்தாய், ஒரு லிட்டராக வைத்தால் படம் எப்படி மாறும், மூன்றாவது வாரம் ஏன் இவ்வளவு குறைந்தது? கடைசிக் கேள்விக்கு "மாடு சினை, சார், கறவை வத்திப்போச்சு" என்று பதில் வரும். எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று பிள்ளைக்குப் புரிவது அப்போதுதான். மாடு இல்லாத வீட்டுக்கு மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட் கணக்கு போதும்.

ஓர் எச்சரிக்கை. உள்ளூர்க் கேள்வி என்ற பெயரில் வீட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். அப்பா என்ன சம்பாதிக்கிறார், வீட்டில் கழிப்பறை உண்டா, எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பவற்றை வகுப்பில் எழுதிக் காட்ட வைப்பது சில பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கும். தெரு என்று சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர்களில் பாடம் நடத்துகிறோம் என்பதை மறக்கக் கூடாது. வயல், வாய்க்கால், ஏரி, கடை, கோயில் கல்வெட்டு, பஸ் நேரம் என்று எல்லோருக்கும் பொதுவானதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சமூக அறிவியலுக்கு வில்லியனூர், வாகூர் என்ற நம் இரண்டு கொம்யூன்களும் பொக்கிஷம். பேரிடர் மேலாண்மை பற்றிக் கட்டுரை எழுது என்றால் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் கொண்டுவருவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அதற்கடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பாய்ந்து வாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. மழை நின்ற பிறகு ஏன் வெள்ளம் வந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று பாடவேளை நடத்தலாம். ஆற்றின் வழியை வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வந்தது, சுவரில் எந்த உயரம் வரை நின்றது, முதலில் எதை மேலே தூக்கி வைத்தார்கள் என்று ஊரில் இரண்டு பேரிடம் கேட்டு எழுதட்டும். பிறகு அதே நிகழ்வைப் பற்றி ஏஐ சொல்வதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அது அணையின் பெயரும் மழை அளவும் சொல்லும். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறியது என்பதை உங்கள் வகுப்புதான் சொல்லும். பேரிடர் மேலாண்மை செய்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவது தகவல்.

வரலாற்றுக்குக் கீழூரை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் அந்தச் சிற்றூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. "புதுச்சேரிக்குச் சுதந்திரம் எப்போது கிடைத்தது?" என்று ஏஐயிடம் மூன்று விதமாகக் கேட்டு, வரும் விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு குழு 1954க்காக, இன்னொரு குழு 1962க்காக வாதாடட்டும். 1947 என்று ஒரு விடை வந்தால் இன்னும் நல்லது. அது ஏன் தவறு என்பதைச் சொல்ல மூன்றாவது குழு ஒன்று வேண்டியிருக்கும். எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பாடவேளை வெற்றி.

ஏஐ எழுதிய விடையைப் பிள்ளைகள் திருத்துவது

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்க்க முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வகுப்பில் ஒரு போனும் வேண்டாம். ஸ்மார்ட் போர்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், மழையில் மின்சாரம் போனாலும் நடக்கும்.

வீட்டில் இருக்கும்போது ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை ஏஐயிடம் கேட்டு, வந்த விடையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், அல்லது கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் சிவப்பு மையில் அதைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று குறிகளில் ஒன்று: சரி, தவறு, தெரியாது. தெரியாது என்ற குறிதான் முக்கியம். அந்தக் குறி போட்ட வாக்கியங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

வாகூர் கொம்யூன் பள்ளி ஒன்றில் நீங்கள் கேட்ட கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: வாகூர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அது குறைந்தால் யாருக்கு என்ன ஆகும்? விடை இப்படி வந்திருக்கிறது: "வாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. இது முக்கியமாக மழைநீராலும் சங்கராபரணி ஆற்றாலும் நிரம்புகிறது. பல வகைப் பறவைகள் இங்கே வருகின்றன. நீர் குறைந்தால் சுற்றுலாவும் உள்ளூர்ப் பொருளாதாரமும் பாதிக்கப்படும்." உங்கள் போன் இதைவிட நல்ல விடையும் தரலாம். அப்படித் தந்தால் நீங்களே ஒரு பிழையைச் சேர்த்துவிடுங்கள், தப்பில்லை.

வகுப்பில் நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், ரெண்டாவது வரி தப்பு. சங்கராபரணி வில்லியனூர்ப் பக்கம் போவுது. எங்க ஏரிக்கு எப்படி வரும்?"

"அப்ப எதுலேர்ந்து வருது?"

"பங்காரு வாய்க்கால்லேர்ந்து. எங்க தாத்தா சொல்லும்."

"வாய்க்காலுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

பேச்சு நின்றுவிடும். தாத்தா அதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறார். பாடம் தொடங்க வேண்டிய இடம் இதுவே. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை நீர் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக வாகூர் ஏரிக்கு வருவதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது, ஏரி புதுச்சேரியில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே நீர்ப் பகிர்வு என்று புத்தகத்தில் காவிரியை வைத்துப் படித்தது திடீரென்று சொந்த ஊர் விஷயமாகிவிடும். நான்காவது வரியில் சுற்றுலா என்று எழுதிவிட்டு நெல் என்ற சொல்லே இல்லாமல் போனதையும் யாராவது பிடிப்பார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பகுதியில் ஏரி வற்றினால் முதலில் கலங்குபவர் பாசன விவசாயி. கடைசியாக, இந்த விடைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொருவரும் போட்டு, ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். சிபிஎஸ்இ வெளியிடும் மதிப்பீட்டு முறைத் தாளைக் கூடவே கொடுத்தால், பிள்ளைகள் முதன்முறையாகத் தேர்வைத் திருத்துபவரின் பக்கம் நின்று பார்ப்பார்கள். இந்தத் தாள்களை அப்படியே போர்ட்ஃபோலியோவில் வைக்கலாம். வண்ணக் காகித ஓரம் ஒட்டிய காப்பிகளைவிட எவ்வளவோ மேல்.

வாகூருக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் வெட்டப்பட்ட வாகூர்ச் செப்பேடு, இங்கே இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. சமஸ்கிருதமும் தமிழும் கலந்த செப்பேடு அது. ஏஐயிடம் கேட்டு, அரசன் பெயர், காலம், கொடையின் நோக்கம் மூன்றையும் சரிபார்க்க வையுங்கள். தன் ஊரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லூரி இருந்தது என்பது பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி. பல பெரியவர்களுக்கே தெரியாது.

தமிழ் ஆசிரியருக்கு

இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அதனால் இந்தக் கருவிகளின் தமிழ் ஆங்கிலத்தைவிடப் பலவீனம். தமிழ் ஆசிரியருக்கு இது வசதி. நட்பு பற்றி ஒரு குறள் சொல் என்று கேட்டால் எண் மாறி வரும். சில வேளை திருவள்ளுவர் எழுதாத குறளே வரும். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

யாப்பிலக்கணத்தை இங்கே உயிரோடு நடத்தலாம். புதிதாக ஒரு குறள் வெண்பா எழுதச் சொல்லி ஏஐயிடம் கேளுங்கள். வந்ததைப் பிள்ளைகள் சீர் பிரிக்கட்டும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் இருக்கிறதா? நேர், நிரை அலகிட்டால் வெண்டளை தட்டாமல் வருகிறதா? ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிகிறதா? பெரும்பாலும் எங்கேயாவது தளை தட்டும். அதைச் சரிசெய்யச் சொல்வது அடுத்த பயிற்சி. தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்வதை வெறுக்கும் பையன்கூட எந்திரத்தைத் தோற்கடிக்க வேண்டும் என்றால் உட்கார்ந்து அலகிடுவான். அச்சிட்ட திருக்குறள் புத்தகம் ஒன்று மேசையில் இருக்க வேண்டும். 1330க்குள் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கில் கடைசித் தீர்ப்பு அதனுடையது.

உங்கள் சொந்த வேலைக்கு

பிள்ளைகளுக்கு முன் நீங்கள் பயன்படுத்திப் பழகுங்கள். பாடத்திட்டக் குறிப்பு, பயிற்சித்தாள், திறன்சார் கேள்விகள் என்று எழுத்து வேலை கூடிக்கொண்டே போகிறது. அதில் பாதியை ஏஐயிடம் தள்ளலாம், ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "அமிலம், காரம் பற்றி ஐந்து கேள்வி கொடு" என்றால் எந்த ஊருக்கும் பொருந்தும் ஐந்து கேள்வி வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"நான் புதுச்சேரி கிராமப்புற அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர். மாணவர்கள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறார்கள். மண்ணின் பிஎச் மதிப்பை வைத்து ஐந்து கேள்விகள் வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு நெல் விவசாயி எடுக்க வேண்டிய முடிவைக் கேட்க வேண்டும். எளிய ஆங்கிலம், சிறிய வாக்கியங்கள். கடினமான சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் தனியாக. விடைகள் கடைசியில்."

வந்ததை வரிவரியாகப் பாருங்கள். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு, களர் மண்ணுக்கு ஜிப்சம் என்பது தலைகீழாகி இருந்தால் பிடிக்க வேண்டியது உங்கள் கண். கலைச்சொற்களில் கூடுதல் கவனம் தேவை. வேகமும் திசைவேகமும் ஒன்றாகிவிடும். எதிரொளிப்பு என்ற இடத்தில் பிரதிபலிப்பு வந்து நிற்கும். இதற்கு மருந்து உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கிறது: தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் பழைய தமிழ் வழிப் புத்தகங்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது என்று அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கும், ஏஐயின் தமிழைத் திருத்தும் ஆசிரியருக்கும் அவைதான் அகராதி.

பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் பட்டியல், புகைப்படம், மருத்துவ விவரம் எதையும் இந்தத் தளங்களில் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். வகுப்பறையில் மாணவர் தாமே இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல். ஆறு, ஏழாம் வகுப்பில் போன் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்திலும் இதைப் பேச வேண்டும், சுருக்கமாக. "போன் கொடுக்காதீங்க" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். "எழுதி முடிச்சதும் என்ன எழுதினேன்னு உங்களுக்குத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத அம்மாகூடச் செய்யக்கூடிய சோதனை இது. ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

எல்லாப் பாடத்தையும் இந்த ஆண்டே மாற்ற முயலாதீர்கள், சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், மாதத்துக்கு ஒரு திருத்தும் பயிற்சி போதும். ஏரி, வாய்க்கால், புயல், செப்பேடு பற்றி நீங்கள் உருவாக்கும் கேள்விகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் பொருந்தும். அடுத்த முறை கொம்யூன் பள்ளி ஆசிரியர்கள் கூடும்போது உங்கள் பிள்ளைகள் சிவப்பு மையில் திருத்திய தாள்களில் இரண்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.